எந்தச் சான்பேலீகே?

வாயில் நுரை தள்ளியதாம். ஒரு செருப்பு காலில் இருந்ததாம், மற்றது மழைநீர்க் கால்வாயில் மிதந்ததாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது என்று சிலரும், இல்லை, ஆஸ்பத்திரியில்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று சிலரும் சொன்னார்களாம். மாலத்தீவின் வில்லிமாலே தீவில், படகுத்துறைத் தேநீர்க் கடையில் காலை ஏழரை மணிக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தவன் அஃபீஃப். எண்ணெய்ப் படகு ஒன்றில் எஞ்சின் பார்க்கிறவன். அவனுக்கு அவன் மச்சான் சொன்னான். மச்சானுக்கு மாலே சந்தையில் மீன் வெட்டுகிறவன் சொன்னான்.

"யாருடா?" என்றார் கல்லாவில் இருந்தவர்.

"சான்பேலீகே ஜவ்ஃபர்தான். வேற யாரு? மீன் சந்தைக்குப் பின்னாடி, நேத்து சாயங்காலம். பதினோரு வருஷம் தாக்குப்பிடிச்சதே பெரிசு."

மூலை மேசையில் மாஸ் ஹுனி என்ற மீன்-தேங்காய்த் துருவலை ரொட்டியால் வழித்துத் தின்றுகொண்டிருந்தவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"நான் செத்துட்டேனா இல்லையா, அதை முதல்ல சொல்லு அஃபீஃப். செத்துட்டேன்னா ரெண்டாவது டீ வேணாம்."

அஃபீஃபின் கையிலிருந்த பலகாரம் தட்டில் விழுந்தது. கடையே திரும்பிப் பார்த்தது. அங்கே உட்கார்ந்திருந்தது சாட்சாத் ஜவ்ஃபர்தான். நாற்பத்தேழு வயது, வெயிலில் கறுத்த நெற்றி, காதோரம் நரை, காலில் இரண்டு செருப்பும்.

"பேபே... அண்ணே, நீங்க... நான் கேள்விப்பட்டதைத்தான்..."

"நானும் இப்பதான் கேள்விப்படுறேன். எனக்கே யாரும் சொல்லல பாரு."

கடை சிரித்தது. ஆனால் சிரித்தவர்களில் பாதிப்பேர் அவர் கண்ணின் கருமணியைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள். ஜவ்ஃபருக்கு அது தெரியும். கண்ணைப் பார்ப்பது, கை நடுங்குகிறதா என்று பார்ப்பது, கழிவறைக்குப் போனால் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. பதினோரு வருடமாக ஊர் அவரை இப்படித்தான் பார்க்கிறது. அவரும் பழகிவிட்டார். வேண்டுமானால் நன்றாகப் பார்த்துக்கொள் என்று முகத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவதுகூட உண்டு.

தலைநகர் மாலேக்கும் வில்லிமாலேக்கும் நடுவே ஓடும் பயணப் படகுக்கு அவர் கேப்டன். பத்து நிமிடப் பயணம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் சரக்குக் கப்பல், வேகப்படகு, பக்கவாட்டில் அடிக்கும் நீரோட்டம் எல்லாம் உண்டு. ஒரு நாளைக்குப் பதினாறு நடை. மாலேயில் படிக்கும் பிள்ளைகள் மதியம் ஒரு மணிக்கு வில்லிமாலேக்குத் திரும்புவது அவர் படகில்தான். தென்மேற்குக் காற்று எகிறும் மாதங்களில், "இன்னிக்கு யாரு ஓட்டுறா? ஜவ்ஃபரா? அப்ப சரி, ஏறு" என்று தாய்மார் சொல்வதைக் கேட்டிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் விடுப்பு எடுப்பதில்லை.

அந்தச் சொல்லை ஈட்ட அவர் கடந்து வந்த தூரம் பத்து நிமிடம் அல்ல. அவர் பையனாக இருந்தபோது தெருமுனைக் கடையில் ஆஃப்டர்ஷேவ் புட்டிகள் மட்டும் சீக்கிரம் தீர்ந்துபோகும். முகத்துக்கு அல்ல, குடிப்பதற்கு. அடுத்து ரப்பர் ஒட்டும் பசை வந்தது. பிறகு தொண்ணூறுகளில் பிரவுன் சுகர் வந்து இறங்கியது, ஒவ்வொரு தெருவிலும், ஒரே சமயத்தில், அடைமழை மாதிரி. இரண்டு மைல் நீளம் இல்லாத தீவு. ஒரு அறையில் ஆறு பேர் முறைவைத்துத் தூங்கும் வீடுகள். தூக்கத்துக்கு முறை வராதவன் தெருவில் நின்றான். தெருவில் பௌடர் நின்றது. அப்படிச் சிக்கியவனை ஊர் 'பார்ட்டி' என்று அழைத்தது. ஜவ்ஃபர் பத்தொன்பது வயதில் பார்ட்டி ஆனார். முப்பத்தாறு வயது வரை பார்ட்டியாக இருந்தார். சிறை இரண்டு தரம், மறுவாழ்வு முகாம் மூன்று தரம். மூன்றாவது தரம் ஒட்டிக்கொண்டது.

தட்டைத் தள்ளிவிட்டு ஜவ்ஃபர் கைபேசியைச் சார்ஜில் போட்டார். முந்தின இரவு எஞ்சின் எண்ணெய் மாற்றும் வேலை. படகிலேயே படுத்துவிட்டார், கைபேசி செத்துக் கிடந்தது. உயிர் வந்ததும் தங்கை வஹீதாவின் பதினான்கு அழைப்புகள் வரிசையாக நின்றன.

"எங்க இருக்க பேபே?" என்றாள் எடுத்ததும்.

"ஆஸ்பத்திரியிலன்னு சொல்றாங்க. நீ என்ன சொல்ற?"

"விளையாடாத. நேத்து மக்ரிப் தொழுகை நேரம் ஒரு பங்களாதேஷ்காரர் வந்தாரு. சந்தையில மூட்டை தூக்குறவராம். கையில ஒரு ஷூ, பேரும் படமும் தேஞ்சுபோன ஒரு அடையாள அட்டை. அட்டையில வீட்டுப் பேரைக் காட்டி யாரோ படிச்சுச் சொல்லியிருக்காங்க, சான்பேலீகேன்னு. எங்கன்னு கேட்டா, 'அந்தப் பார்ட்டி வீடுதானே, கலொள்ளுல'ன்னு நம்ம வாசலுக்கே கூட்டிவந்து விட்டுட்டாங்க. தெருவே நின்னு பாத்துச்சு."

"நீ நம்பிட்டியா?"

"இல்ல. சரி, ரெண்டு நிமிஷம் நம்பினேன். அப்புறம் ஷூவைப் பாத்தேன். பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. நீ ஷூ போட்டு நான் பாத்ததே இல்லையே."

"அட்டையில முன்னெழுத்து என்ன?"

"மா."

ஜவ்ஃபர் கண்ணை மூடிக்கொண்டார். மாஃபன்னு.

மாலேயில் ஆளுக்கு முகவரி தெருவும் எண்ணும் அல்ல, வீட்டின் பெயர்தான். சான்பேலீ என்றால் மல்லிகை; மல்லிகை வீடு. மல்லிகை பிடித்தவர்கள் ஊருக்கு ஒருவரா இருப்பார்கள்? கலொள்ளு வட்டத்தில் ஒரு சான்பேலீகே, மாஃபன்னு வட்டத்தில் ஒரு சான்பேலீகே. எழுதும்போது முன்னால் வட்டத்தின் எழுத்தைப் போடுவார்கள். பேசும்போது யார் போடுகிறார்கள்? அதனால் பதினெட்டு வருடமாக இவர்கள் வீட்டு மின்கட்டண அறிவிப்பு அங்கே போகும், அவர்கள் வீட்டுக் கல்யாண அழைப்பு இங்கே வரும். மாதத்துக்கு ஒரு தரமாவது ஒருவர் மற்றவர் வாசலுக்கு நடப்பார். அந்த வீட்டில் கறுப்பு ஷூ போடுகிறவன் ஒரே ஒருவன். ஷியாம். ஒரு அலுவலகத்தில் கோப்புப் பிரிவு. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் டை. சலாம் சொன்னால் நின்று பதில் சொல்லிவிட்டுப் போகிறவன்.

அதனால்தான் யாருக்கும் அவன் நினைவு வரவில்லை. டை கட்டியவன் விழுந்தால் மயக்கம். டை கட்டாதவன் விழுந்தால் பௌடர்.

எட்டரை நடை முடித்து மாலேயில் கயிறு கட்டும்போதே ஸலீக் துறையில் நின்றிருந்தார். படகுக் கம்பெனியின் மேலாளர். கெட்டவர் இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் யாரும் வேலை தராதபோது கயிறு பிடிக்க ஜவ்ஃபரை எடுத்தவர் அவர்தான். ஆனால் கைபேசி ஒலித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற ரகம்.

"நீ இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றார் எடுத்த எடுப்பில். "நேத்து ராத்திரி எஞ்சின் ரூம்ல இருந்த. ஆனா சாயங்காலம் மாலேல இருந்தவன்தானே? பிள்ளைங்க குரூப்ல காலையிலேர்ந்து நூத்திருபது மெசேஜ். 'சான்பேலீகேக்காரன் கையிலயா எங்க குழந்தை'ன்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் போடுறது?"

"நான் இல்லைன்னு போடு."

"அப்ப யாருன்னு கேப்பாங்க. மாஃபன்னு சான்பேலீகேன்னு ஒரு வரி போட்டுட்டா முடிஞ்சுது. அங்கதானே? எனக்கும் ஒருத்தன் சொன்னான். நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, போட்டுடுறேன்."

ஜவ்ஃபர் கயிற்றின் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினார். அது இறுக்க வேண்டிய முடிச்சு அல்ல.

"ஒரு மணி நடைக்குள்ள பதில் வேணும்டா" என்றார் ஸலீக், குரலைத் தாழ்த்தி. "இல்லைன்னா அந்த நடைக்கு வேற ஆளை நிறுத்தணும். ஒரு தரம் உன்னைக் கீழ இறக்கிட்டா, திரும்ப ஏத்த என்னால முடியாது. அது உனக்கே தெரியும்."

தெரியும். ஒரு நடைக்கு இறக்கியவனை மறு நடைக்கு ஏற்றினால், 'தப்பு இருந்துதானே இறக்கினாங்க' என்று ஊர் சொல்லும். ஒரு வார்த்தையில் தப்பித்துக்கொள்ளலாம். அதுவும் உண்மையான வார்த்தை. பொய்கூட இல்லை.

ஒரு மணி வரைக்குமான நடைகளைக் கூட ஓட்டுகிறவனிடம் ஒப்படைத்துவிட்டு, வெற்றிலைப் பாக்கை மெல்லாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அவர் நடந்தபோது, நினைப்பெல்லாம் வஹீதாமேல் இருந்தது. அவளுக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு பாலர் பள்ளியில் வேலை உறுதியாகியிருந்தது. பாவாடை தைத்து, கரும்பலகை எழுத்துக்கு வீட்டுச் சுவரில் பழகி, முதல் நாளுக்குக் காத்திருந்தாள். அந்த வாரம்தான் ஜவ்ஃபரைத் தெருவில் விலங்கு போட்டுக் கூட்டிப்போனார்கள். பள்ளிக்காரம்மா நல்லவர்தான். "உங்க வீட்டு விஷயம் கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் வா" என்றார். விஷயம் அடங்கியது. பள்ளி கூப்பிடவில்லை. பௌடர் தின்றது அவர் பதினேழு வருடத்தை என்றுதான் எல்லோரும் கணக்குச் சொல்வார்கள். அதை இழுக்காதவள் இழந்ததை யாரும் சேர்ப்பதில்லை.

அடையாள அட்டையையும் ஷூவையும் வஹீதாவிடம் வாங்கிக்கொண்டு, எப்போதும் தபாலைக் கொண்டுபோகிற மாதிரியே, மாஃபன்னு சான்பேலீகேவின் கதவைத் தட்டினார்.

திறந்தவள் ஷியாமின் மனைவி ஸுஹுரா. வீட்டிலேயே பலகாரம் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். கைநிறைய மாவு. பையில் இருப்பதைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"உள்ள வா. வாசல்ல நிக்காத. தெரு பாக்குது."

உள்ளே கதவைச் சாத்தியதும் திரும்பினாள். "சொல்லிட்டியா?"

"யார்கிட்ட?"

"யார்கிட்டயாவது. உன் பேரைத் துடைக்க எங்க வீட்டுத் துணிதானே வேணும்?"

"சொல்லல தஹ்தா" என்றார், அக்கா என்கிற மரியாதையோடு.

"சொல்லாம எப்படிப் படகு ஓட்டுவ? எனக்கும் அந்த குரூப் மெசேஜ் வருது. எம் பொண்ணு உன் படகுலதான் அத்தை வீட்டுக்குப் போறா."

"அது என் பாடு."

"எங்களுக்காக ஏன் பாடு படுற? நாங்க உனக்கு என்ன செஞ்சோம்?"

"பதினெட்டு வருஷமா என் வீட்டுத் தபாலைக் கொண்டுவந்து குடுத்தீங்க. ஒண்ணையாவது பிரிச்சுப் படிச்சிருப்பீங்களா?"

"கோர்ட்டுக் கடுதாசி ரெண்டைப் படிச்சோம்."

"சரி, போகட்டும்."

அவள் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. மாவுக் கையின் பின்புறத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள் அறையைக் காட்டினாள். "விடியக்காலைல ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பிட்டாங்க. பேசமாட்டேங்குறார். நீ பேசு. உனக்குப் பாஷை தெரியும்."

ஷியாம் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நாற்பத்தைந்து வயது. நெற்றியில் தையல். ஜவ்ஃபர் ஷூவைக் கட்டிலடியில் அதன் ஜோடியோடு வைத்தார்.

"என்ன எடுத்த?"

"சிகரெட்."

"சிகரெட் ஆளைச் சாக்கடையில தள்ளாது."

ஷியாம் சுவரிடம் சொன்னான். "அப்பா போனப்புறம் தூக்கமே இல்ல. ஆபீஸ்ல ஒருத்தர் குடுத்தாரு. மேல ஏதோ தெளிச்சிருக்கும்னு சொன்னாரு. முதல் நாள் அப்படி ஒரு தூக்கம்."

"எத்தனை மாசம்?"

"எட்டு."

"என்னது தெளிச்சிருக்கு?"

"தெரியாது. வாசனை கிடையாது. வீட்ல யாரும் கண்டுபிடிக்கல."

ஜவ்ஃபர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பழைய வழிகள் எல்லாம் அவருக்கு மூக்கிலேயே தெரியும். பசையின் நெடி, எரிந்த தாளின் நெடி, சுவருக்குள் ஒளித்தாலும் சொல்லிவிடுவார். இதற்கு நெடியே இல்லை. தெருவிலும் இல்லை. கோப்புகளுக்கு நடுவே, குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறது.

"எங்க காலத்துல விஷத்துக்காவது ஒரு பேர் இருந்துச்சு" என்றார். "என்னத்தால சாகுறோம்னு தெரிஞ்சு செத்தோம். உனக்கு அதுகூட இல்லையே."

ஷியாம் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தான். "நான் உங்க மாதிரி ஆள் இல்ல."

"தெரியுது. நீ டை கட்டின பார்ட்டி."

கதவுக்கு வெளியே ஸுஹுரா மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. ஷியாமின் முகம் சிவந்து, பிறகு தளர்ந்தது. அந்தச் சொல்லை முதன்முதலாகத் தன்மேல் வாங்கிய அன்று தனக்கு எப்படி இருந்தது என்பது ஜவ்ஃபருக்கு நினைவிருந்தது. தெரிந்துதான் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு போதை சிகிச்சை நிலையத்துக்கு டாக்டர் வருவாரு. நான் வாசல்ல நிப்பேன். வாரத்தோட முதல் வேலை நாள், லீவு சொல்லிடு, நெத்தித் தையலைச் சொல்லு. என் நம்பரைப் போட்டுக்கோ."

"உங்க மேனேஜர்கிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

"அதுவா? அவர் கேக்குறதைச் சொல்லப்போறதில்ல. கேக்காததைக் குடுக்கப்போறேன்."

பதினொரு மணிக்கு ஸலீக்கைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சோதனைக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். "என்னடா இது, அசிங்கமா" என்று நெளிந்தவரிடம், "நீ வெளிய நில்லு. குப்பியில நான் நிரப்பித் தர்றேன். காயிதத்தை உன் கையிலயே குடுப்பாங்க" என்றார். முகாம் நாட்களில் வாரத்துக்கு மூன்று தரம் சிறுநீர் கொடுத்துப் பழகிய உடம்பு. கூச்சம் எப்போதோ போய்விட்டது.

பன்னிரண்டே காலுக்குக் காகிதம் வந்தது. எல்லாக் கட்டத்திலும் இல்லை, இல்லை, இல்லை.

ஸலீக் அதை இரண்டு தரம் படித்தார். "பேரைச் சொல்லியிருந்தா அரை நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

"உனக்கு முடிஞ்சிருக்கும். அவங்களுக்கு அப்பதான் ஆரம்பிக்கும்."

"சரி, இதைப் படம் எடுத்து குரூப்ல போடுறேன். அப்பவும் கேப்பாங்க."

"கேக்கட்டும். நேர்ல கேக்கச் சொல்லு. நான் எங்கயும் ஓடல, பத்து நிமிஷத்துக்கு மேல."

ஒரு மணிக்குத் துறையில் வழக்கத்தைவிடக் கூட்டம். பிள்ளைகளைத் தனியே அனுப்புகிற தாய்மார் அன்று கூடவே வந்திருந்தார்கள். ஜவ்ஃபர் சுக்கானை விட்டு முன்தளத்துக்கு வந்து நின்றார். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. காற்றோடு பேசிப் பழகிய தொண்டை.

"நேத்து விழுந்தது நான் இல்ல. ஸலீக் காயிதம் வச்சிருக்காரு, பாத்துக்கலாம். ஆனா பழைய காலத்துல இந்த ஊர்ல இருக்கிற எல்லாச் சந்துலயும் விழுந்தது நான்தான். அதை நான் எப்பவாவது இல்லைன்னு சொன்னேனா?"

"அப்ப நேத்து யாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ரெண்டு சான்பேலீகே இருக்குல்ல?"

"ரெண்டு இல்ல தஹ்தா. ஒவ்வொரு வீட்லயும் ஒரு கட்டிலைத் தட்டிப் பாத்தா எத்தனை சான்பேலீகேன்னு தெரியும். இப்ப வர்ற சாமானுக்கு வாசனை இல்ல. என் வீடு உன் வீடுன்னு கைகாட்டிட்டு இருந்தா, நம்ம வீட்ல இருக்கிறது நமக்கே தெரியாது. என்கிட்ட பேரைக் கேக்காதீங்க, நான் சொல்லமாட்டேன். நம்பிக்கை இல்லாதவங்க அடுத்த படகுல வாங்க, கோவம் இல்ல."

இரண்டு பெண்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மூன்றாவதாக ஒருத்தி எழுந்தாள், சுற்றிப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பனிக்கட்டிப் பெட்டியை மடியில் வைத்திருந்த ஒரு பருத்த அம்மாள் பெருமூச்சு விட்டாள்.

"பேசினது போதும் கேப்டன். எடு. என் மீன் கெடுது."

படகு சிரித்தது. இந்தச் சிரிப்பில் யாரும் அவர் கருமணியைப் பார்க்கவில்லை, அல்லது அவர் கவனிக்கவில்லை. கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டுச் சுக்கானுக்குப் போனார். நீரோட்டம் அன்று மேற்கே இழுத்தது. கொஞ்சம் வளைத்து, சரக்குக் கப்பலின் வாலுக்குப் பின்னால் புகுந்து, பத்து நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கரையில் பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள். வேலை அவரிடமே இருந்தது. அது அன்றே தீர்ந்த விஷயம்.

தீராதது ஞாயிற்றுக்கிழமை.

எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே சிகிச்சை நிலைய வாசலில் ஜவ்ஃபர் நின்றார். உள்ளே டாக்டர் வந்துவிட்டார். பெயர் கூப்பிடும் பெண் ஒரு தரம் எட்டிப் பார்த்து, "நீங்களா பேபே? உங்களுக்கு என்ன இப்ப?" என்றாள். "எனக்கு இல்ல, ஒருத்தர் வர்றாரு" என்றார். வருகிறாரா என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கும் இந்த வாசல் பழக்கம்தான்.

எட்டு பத்து. ஷியாமின் எண்ணை அழைத்தார். அடித்து ஓய்ந்தது. ஸுஹுராவை அழைத்தார். "ஏழரைக்கே கிளம்பிட்டாரே" என்றாள். "டை கட்டிட்டுதான் கிளம்பினார். எந்தப் பக்கம் திரும்பினார்னு நான் பாக்கலையே. அய்யோ, நான் பாத்திருக்கணும்."

"பதறாத. நானே முதல் ரெண்டு தரம் பாதி வழியில திரும்பிட்டேன். மூணாவது தரம்தான் வந்தேன்."

மாஃபன்னுவிலிருந்து வருகிற தெருவைப் பார்த்தபடி நின்றார். ஸ்கூட்டர்கள் போயின. இஸ்திரிச் சட்டைகள் போயின. ஒவ்வொன்றும் தூரத்தில் ஷியாம் மாதிரியே இருந்து, கிட்டே வந்ததும் வேறு யாரோ ஆனது. அவருடைய அடுத்த நடை ஒன்பதரைக்கு. அதுவரை நேரம் இருக்கிறது. இன்று இல்லாவிட்டால் புதன்கிழமையும் டாக்டர் வருவார். அதற்கும் ஷியாம் லீவு சொல்ல ஒரு காரணம் யோசித்து வைத்திருந்தார்.

மறுபடி ஷியாமின் எண்ணை அழுத்திக் கைபேசியைக் காதில் வைத்தார். எதிர்முனையில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.